மேஜருக்கு வெடி ஆகாது

விருதுநகர் மாவட்டத்துச் சரக்கில் இரண்டுக்கு வெளியூரில் தனி மரியாதை உண்டு. ஒன்று சிவகாசிப் பட்டாசு, இன்னொன்று ராஜபாளையம் நாய். வெடிக்கிற பொருளையும் அதைக் கேட்டு நடுங்குகிற பிராணியையும் ஒரே மாவட்டத்தில் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர். கிழக்கே இருபது கிலோமீட்டர் போனால் பட்டாசு, தென்மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் நாய். நாங்கள் நடுவில் உட்கார்ந்து பால்கோவா கிண்டுகிறோம்.

எங்கள் வீட்டு மேஜர் பாதி ராஜபாளையம். மீதிப் பாதி எதுவென்று அவனுடைய அம்மாவுக்குத்தான் தெரியும். 2005-இல் அஞ்சல் துறை நம் நாட்டு நாயினங்களுக்காக நான்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் ஒன்று. காட்டுப்பன்றியை விரட்டிய வம்சம் என்று ஊரில் மார்தட்டுவார்கள். மேஜர் தன் ஆயுளில் விரட்டியது ஒரு தவளையை. அதுவும் நின்று திரும்பிப் பார்த்ததும் விவகாரத்தை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டான்.

பெயரைப் பார்த்துப் பட்டாளத்தோடு சம்பந்தப்படுத்த வேண்டாம். அது நடிகர் மேஜர் சுந்தரராஜன் உபயம். ஒருமுறை குரைத்துவிட்டு, ஒரு நொடி விட்டு, அதையே அர்த்தம் விளங்க இன்னொரு முறை குரைப்பான். வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

இப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது முடிந்துவிட்டது. நாய்க்கு அது அறுபதாம் கல்யாணத்தைத் தாண்டிய வயது. முகவாய் நரைத்துவிட்டது, ஒரு கண்ணில் லேசான பூ. இடிக்குப் பயம், வெடிக்குப் பயம், குக்கர் விசிலுக்குப் பயம். முதல் விசிலுக்குத் தலையைத் தூக்குவான், இரண்டாவதற்கு எழுந்து நிற்பான், மூன்றாவது வரும்போது கூடத்தில் இருக்க மாட்டான். இன்வெர்ட்டர் பேட்டரி தீர்ந்து 'பீப்... பீப்...' என்று ஆரம்பித்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லி என் முகத்தையே பார்ப்பான். இந்த மாதிரி விட்டுவிட்டு வரும் கீச்சுச் சத்தம் நாய்களுக்கு ரொம்பவே உபத்திரவம். நமக்குக் காது இருபதாயிரம் ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், அவற்றுக்கு நாற்பத்தைந்தாயிரம் வரை கேட்கும்.

வயசானால் காது மந்தமாகும், பயமும் போய்விடும் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை இருந்தது. காது மந்தமானது வாஸ்தவம்தான். முதலில் போவது கீச்சென்ற உச்சச் சத்தங்கள். கனத்த 'டமார்' கடைசி வரை நிற்கும், அதன் அதிர்வு தரை வழியாக வயிற்றுக்கும் போகும். ஆகவே எங்கள் வீட்டு நிலவரம் இதுதான்: "ஏலே மேஜரு, சாப்பிட வா" என்று அம்மா பக்கத்தில் நின்று கத்தினால் கேட்காது, மூன்று தெரு தள்ளி அணுகுண்டு போட்டால் கேட்கும். சுத்த வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு அதிகம் என்பார்கள். அந்த ஒரு சொத்தில் மேஜருக்குப் பங்கு கிடைக்கவில்லை.

வேறு ஊரில் தீபாவளி வருஷத்துக்கு ஒருமுறை வரும். பட்டாசு விளைகிற சீமையில் அதற்கெல்லாம் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. கல்யாணத்துக்கு வெடி, காதுகுத்துக்கு வெடி, கட்சிக்காரர் வந்தால் வெடி, அவர் போனால் எதிர்க்கட்சிக்காரர் வெடி. படம் ரிலீஸ், கிரிக்கெட், கோயில் கொடை. எந்த வீட்டிலாவது பெரியவர் யாரேனும் தவறிவிட்டால் மயானம் வரை வழி நெடுக வெடிதான். போனவருக்குக் காது கேட்காது, மேஜருக்குக் கேட்கும்.

ஆனால் பட்டாசைத் திட்டி இங்கே யாரும் கட்டுரை எழுதிவிட முடியாது. எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் அடுப்பெரிவது அதனால்தான். பகல் நேரத்தில், முகூர்த்தமும் இல்லாத நாளில், கிழக்கே திடீரென்று பெரிய சத்தம் கேட்டால் தெருவே ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்தும். அப்புறம் செல்போன்கள் அடிக்க ஆரம்பிக்கும். சத்தத்துக்குப் பயப்பட மேஜருக்கு மட்டுந்தான் காரணம் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

நாய் நடுங்குகிறது என்று தெரிந்ததும் யோசனைகள் வந்து குவிந்தன. பயந்த நாய்க்கு அறிவுரை சொல்ல முடியாது என்பதால் எல்லாரும் அதை எனக்குச் சொன்னார்கள். "காதுல பஞ்சை வையுங்க." வைத்தோம். தலையை ஓர் உதறு உதறினான், பஞ்சு சாம்பாரில் விழுந்தது. "பழைய துணியால நெஞ்சோட இறுக்கிக் கட்டுங்க, குழந்தையை அணைச்சாப்ல இருக்கும்." கைக்குக் கிடைத்தது கட்சிக்கரை போட்ட துண்டு. கட்டிக்கொண்டு வாசலில் நின்றவனைப் பார்த்து, எந்த வார்டு என்று ஒருவர் விசாரித்துவிட்டுப் போனார். "செல்போன்ல வெடிச் சத்தத்தைச் சின்னதா வச்சுக் கேட்கவிட்டு, நாளாக நாளாகக் கூட்டிப் பழக்குங்க." இது உண்மையிலேயே நல்ல முறை, குட்டி நாய்க்கு ரொம்ப நல்லது. ஆடி மாதத்தில் ஆரம்பித்தோம். மேஜர் தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுப் பொடியன்தான் சட்டையைக்கூட மாட்டாமல் ஓடிவந்து, "யாரு தாத்தா வெடி போடுறாங்க?" என்றான்.

எல்லாரும் ஒரே குரலில் சொன்னது இது: "நடுங்கும்போது தடவிக் கொடுக்காதீங்க அண்ணாச்சி, செல்லம் கொடுத்தா பயம் கூடிப்போகும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நாய்களின் நடத்தையைப் படித்தவர்கள் இதை ஏற்பதில்லை. பயம் என்பது ஒரு உணர்ச்சி, பிஸ்கட்டுக்காக நாய் ஆடும் நாடகம் இல்லை. தடவினால் கூடுவதற்கு அது கடனா, வட்டியா? பக்கத்தில் வந்து ஒண்டினால் ஒண்டவிடலாம். வராமல் மூலைக்குப் போனால் இழுத்து மடியில் போடக்கூடாது, அவ்வளவுதான்.

உருப்படியாகப் பேசியவர் கால்நடை மருத்துவர். தீபாவளிக்கு ஒன்றரை மாதம் முன்பே கூட்டிக்கொண்டு போனோம். முந்தின நாள் சாயங்காலம் ஓடிவந்து மாத்திரை கேட்பவர்கள்தான் அதிகமாம், அந்த அம்மாவுக்கு எங்களைப் பார்த்ததும் ஆச்சரியம். "எப்ப இருந்து இவ்வளவு பயம்?" என்றார். நாலைந்து வருஷமாகத்தான் முற்றியிருக்கிறது என்றோம். உடனே காதைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தால், பின்னங்காலைப் பிடித்தார். தொடைக்கு மேலே, இடுப்பு எலும்பு சேருமிடத்தில் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினார். மேஜர் கத்தவில்லை. நக்கிக்கொண்டிருந்த நாக்கை உள்ளே இழுத்து, வாயை மூடி, சுவரைப் பார்த்தான். "வலிக்குது பாருங்க," என்றார்.

இங்கிலாந்து, பிரேசில் ஆராய்ச்சியாளர்கள் 2018-இல் ஒரு சிறிய ஆய்வு வெளியிட்டார்கள். சத்தத்துக்குப் பயப்படும் நாய்களில் மூட்டு, தசை வலி உள்ளவற்றை மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வலியுள்ளவற்றுக்குப் பயம் தொடங்கியது சராசரியாக நாலு வருஷம் தாமதமாக. சத்தம் கேட்டால் உடம்பு விறைக்கும், விறைத்தால் மூட்டு வலிக்கும். அடுத்த தடவை சத்தம் வரும்போது கூடவே வலியும் வரும் என்று மனசு முடிச்சுப் போட்டுக்கொள்ளும் என்பது அவர்கள் யூகம். ஆகவே கிழட்டு நாய் புதிதாகச் சத்தத்துக்குப் பயந்தால் மூட்டையும் பார்க்கச் சொல்கிறார்கள். இதைக் கேட்டதும் என் அம்மா தன் முழங்காலைத் தடவிக்கொண்டே, "அதான் நீ கத்தும்போதெல்லாம் எனக்கும் வலிக்குது," என்றாள்.

வலிக்கு மருந்து தனி, பயத்துக்கு மருந்து தனி. முன்பெல்லாம் ஏசிபுரோமசின் என்ற மாத்திரையைச் சர்வசாதாரணமாகக் கொடுப்பார்களாம். நாய் படுத்துவிடும், வீட்டில் நிம்மதி. ஆனால் அதனால் அடங்குவது உடம்புதான், பயம் குறைவதில்லை. கை கால் அசைக்க முடியாமல் அத்தனை வெடியையும் கேட்டுக்கொண்டு கிடக்கும். தனியாக அதை மட்டும் கொடுப்பதை இப்போது தவிர்க்கச் சொல்கிறார்கள். டிராசோடோன், கபாபென்டின் என்று பயத்தையே குறைக்கிற மருந்துகள் வந்துவிட்டன. ஈறில் தடவுகிற டெக்ஸ்மெடிடோமிடின் பசையை அமெரிக்காவில் 2016 முதல் இதற்கென்றே விற்கிறார்கள். பெயரைக் குறித்துக்கொண்டு யாரும் மருந்துக்கடைக்குக் கிளம்ப வேண்டாம். வயசான நாய்க்குக் கல்லீரல், சிறுநீரகம் எப்படியிருக்கிறது என்று ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அந்த டாக்டர் அம்மாவே சீட்டு எழுதினார். நம் வீட்டுப் பெரியவர்களின் தூக்க மாத்திரையில் பாதியை உடைத்துப் போடுவது மகா பாவம்.

சீட்டோடு அனுப்பாமல், சத்தமில்லாத சாதாரண நாள் ஒன்றில் ஒத்திகையும் பார்க்கச் சொன்னார். பார்த்தோம். சாயங்காலம் மேஜர் எழுந்து நடந்தான், நிலைப்படியில் இடித்துக்கொண்டான். நிலையை நிமிர்ந்து பார்த்தான். வழிவிட்டு ஒதுங்கி நின்று, அது போகட்டும் என்று காத்திருந்தான். மருத்துவருக்குப் போன் செய்தோம், அளவைக் குறைத்தார். தீபாவளியன்று இது நடந்திருந்தால் மருந்தால் தள்ளாடுகிறானா, பயத்தால் தள்ளாடுகிறானா என்று யார் கண்டது?

மருந்து வந்துவிட்டது. மிச்சமெல்லாம் வீட்டு வேலை. பயந்த நாயை வீரனாக்குவது நம்மால் ஆகாத காரியம், அவன் ஒளிந்துகொள்ள நல்ல இடமாகப் பார்த்துக் கொடுப்பது ஆகும். எங்கள் யோசனை உள்ளறைக் கட்டிலடி. மெத்தை, போர்வை, என் பழைய சட்டை என்று மாப்பிள்ளை அறை மாதிரி ஜோடித்தோம். மேஜர் வந்து மோந்து பார்த்து, ஜோடனையைப் பாராட்டிவிட்டு, அடுப்படிக்குப் போய்க் கிரைண்டருக்கும் சுவருக்கும் நடுவில் படுத்துக்கொண்டான். குட்டியில் வந்த முதல் நாள் அவனுக்குச் சாக்கு விரித்த இடம் அது. இடத்தை நாய்தான் தேர்ந்தெடுக்கும், நாம் பின்னாலேயே சாக்கைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். கூடத்திலிருந்து அடுப்படி வரை பாயும் கோணியும் விரித்தோம். டைல்ஸ் தரையில் பயந்து ஓடி, கால் நாலா பக்கமும் விரிந்து விழுந்தால் அந்த இடுப்பு தாங்காது.

அடுத்தது வாசல். தீபாவளி சமயத்தில் நாய்கள் காணாமல் போவதற்கு வெடி பாதிக் காரணம், திறந்த கேட் மீதிப் பாதி. பயந்த நாய்க்கு வயசு ஞாபகம் இருக்காது. வாசல்படி ஏற மாட்டேன் என்கிறவன் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டுவான். சங்கிலியில் கட்டியும் போடக்கூடாது, இழுத்த இழுப்பில் கழுத்து இறுகிவிடும். தீபாவளியன்று பலகாரத் தட்டோடு நிமிஷத்துக்கு ஒருவர் வரும் தெருவில் கேட்டை எப்படி மூடி வைப்பது? என் மனைவி அட்டையில் எழுதித் தொங்கவிட்டாள்: 'பலகாரம் கொண்டுவருபவர்கள் போன் செய்யவும்.' கடன்காரனுக்குப் பயந்துதான் இந்த ஏற்பாடு என்று தெருக்கோடியில் பேசிக்கொண்டார்கள். மேஜரின் கழுத்துப் பட்டையில் செல்போன் நம்பரைப் பொறித்தோம். நம்பர் எழுதிய பட்டை பட்டணத்து மைக்ரோசிப்புக்குத் தம்பி முறை. இரண்டும் இருந்தால் இன்னும் நல்லது.

பிறகு சட்டம். உச்ச நீதிமன்றம் 2018-இல் வெடி வெடிக்க இரண்டு மணி நேரம் என்று வரையறுத்தது. தமிழ்நாடு போய் வாதாடி, காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று பிரித்து வாங்கிக்கொண்டது. சரவெடியே கூடாது என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. வெடிக்கிற இடத்திலிருந்து நாலு மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று அதற்கும் முன்பே விதி இருக்கிறது. நாலு மீட்டரில் போய் நிற்கிற புத்தி உள்ள நாயை நான் பார்த்ததில்லை. நேரமும் அப்படித்தான். எங்கள் தெருவில் விடிகாலை மூன்றரைக்கே ஒருவர் எண்ணெய் தேய்த்துக் குளித்து, ஈர வேட்டியோடு வந்து, தெருவின் முதல் வெடி தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று பற்றவைப்பார். பரம்பரைக் கௌரவம். ஆகவே மேஜர் மூன்று மணிக்கே எழுந்து போய்வர வேண்டியிருந்தது. கழுத்துப் பட்டை உருவிக்கொள்ளும் என்பதால் மார்போடு மாட்டுகிற வாரும் போட்டு, டார்ச்சோடு கிளம்பினேன். மேஜர் ஒவ்வொரு கம்பமாக நின்று, யோசித்து, மோந்து, மறுபரிசீலனை செய்தான். நான் வானத்தையும் கடிகாரத்தையும் பார்த்தேன். அவசரப்படுத்தினால் அவனுக்கு வராது, வயசு அப்படி.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தலைமுறை தலைமுறையாக வெடியே போடுவதில்லை. தீபாவளிக்கு மட்டும் மேஜரை நாரை என்று எழுதிக் கொடுத்து அங்கே விட்டுவிட்டு வரலாமா என்றுகூடப் பேசினோம்.

தீபாவளிக்கு முன்பே, தெருவில் வெடியைக் கொஞ்சம் குறைக்க எதிர் வீட்டு அண்ணாச்சியிடம் பேசிப் பார்க்கலாம் என்று சொன்னவள் என் மனைவிதான். எனக்குத் தயக்கம். அவர் சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையில் போர்மேன். போனஸோடு பெட்டி பெட்டியாகச் சரக்கு வந்திறங்கும் வீடு. போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என் காலடியில் நின்ற மேஜரையே பார்த்தார். "அண்ணாச்சி, ஊரெல்லாம் நெனைக்குது நான் வெடி போட்டுச் சம்பாதிக்கிறேன்னு. காலையில உள்ள போனா சாயங்காலம் வர்றவரைக்கும் ஒரு சத்தம் கேக்கக்கூடாது. அதுக்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்ல யாராச்சும் தட்டைக் கீழ போட்டாலே எனக்குத் தூக்கிவாரிப் போடும். இவனுக்குப் போடாதா?" என்றார். வீட்டில் அவர் வெடியே தொடுவதில்லை, மகன்கள்தான் போடுகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாளே தெருப் பையன்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பண்டமாற்று நடத்தினார். உன் ரெண்டு அணுகுண்டைக் கொடு, ஒரு பெட்டிப் புஸ்வாணம் தருகிறேன். லட்சுமி வெடிக்குச் சங்குசக்கரம். பையன்கள் முதலில் முறைத்தார்கள், பிறகு கணக்குப் போட்டுப் பார்த்து லாபம் என்று கண்டுகொண்டார்கள். சீனி வெடியை மட்டும் ஒருவனும் விட்டுக்கொடுக்கவில்லை. "அது உரிமைப் பிரச்சினை," என்று சிரித்தார் அண்ணாச்சி.

தீபாவளி ராத்திரிக்கு வருவோம். ஆறரைக்கு முன்பே மருந்து உள்ளே போயாயிற்று. நடுங்க ஆரம்பித்த பிறகு கொடுத்தால் பாதி பலன்தான். ஜன்னலுக்குக் கனத்த போர்வை, அடுப்படியில் விளக்கு. வேக வைத்த கோழியைப் பிய்த்துக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு அம்மா மணைபோட்டு உட்கார்ந்தாள். ஒரு வெடிக்கு ஒரு துண்டு. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபனி ரீமர் ஆயிரத்துக்கு மேற்பட்ட நாய்களின் வீட்டுக்காரர்களிடம் கேட்டு 2020-இல் வெளியிட்ட ஆய்வில், வெடித்த கையோடு தீனியோ விளையாட்டோ கொடுத்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் பலன் இருந்தது என்றார்கள். துணி இறுக்கியவர்களில் அப்படிச் சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு. அந்த ஆய்வில் சரவெடிக்கு விகிதம் சொல்லவில்லை. பக்கத்துத் தெருவில் எவனோ தீர்ப்பை மீறி ஆயிரம் வாலாவைக் கொளுத்தியபோது அம்மா கிண்ணத்தை அப்படியே மேஜர் முன்னால் கவிழ்த்துவிட்டு, "இந்தா, நீயே எண்ணிக்கோ," என்றாள். பயம் தலைக்கேறினால் நாய் சாப்பிடாது. முந்தின வருஷங்களில் கோழியைத் திரும்பிக்கூடப் பார்க்காதவன், இந்த முறை காதை மடக்கிக்கொண்டே ஒவ்வொன்றாகத் தின்றான். "எனக்கு மாத்திரை போட்டா ஒருத்தரும் கோழி ஊட்டுறதில்ல," என்றாள் அம்மா, எங்கள் காதில் விழும்படி.

வெடிச் சத்தத்தை அமுக்க இன்னொரு சத்தம் வேண்டும். டிவியில் பட்டிமன்றம் வைத்தோம், கைதட்டலுக்குப் பதறினான். ஃபேன் போதவில்லை. அப்போதுதான் என் மனைவி கிரைண்டரைப் போட்டாள். இரண்டு கல்லும் உருள ஆரம்பித்ததும் மேஜர் ஒரு பெருமூச்சு விட்டு, கிரைண்டரின் காலில் முதுகைச் சாய்த்தான். குட்டியிலிருந்து அந்தச் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவன். வெளியில் என்ன வெடித்தாலும் கடகடவென்ற அரைப்புக்குள் அமுங்கிப் போயிற்று. ஆனால் வெறுங்கல்லை ஓடவிட்டால் கல் தேயும், மோட்டாரும் போகும். அரிசியைப் போட வேண்டும். அரிசி நைந்தால் உளுந்து. உளுந்து முடிந்தும் வெடி முடியவில்லை. மறுபடி அரிசி. நல்லவேளை, சகலத்தையும் மத்தியானமே ஊறப்போட்டு வைத்திருந்தாள். பத்தரை மணிக்குத் தெரு ஓய்ந்தபோது எங்கள் வீட்டில் தூக்கு, குடம், பிரஷர் குக்கர், மாப்பிள்ளைக்குச் சீர் செய்ய வாங்கிவைத்த எவர்சில்வர் அண்டா எல்லாவற்றிலும் மாவு. மேஜர் குறட்டை விட்டான்.

மாவு விடிவதற்குள் பொங்கிவிடும் அல்லவா? விடிந்ததும் வீடு வீடாகப் போய்க் கொடுத்தோம். தீபாவளிக்கு மறுநாள், அதிரசமும் முறுக்கும் தின்று நாக்குச் செத்துப்போன தெருவில், இட்லிக்கு இருந்த வரவேற்பைச் சொல்லி மாளாது. கடன்காரனுக்குப் பயந்து கேட்டைப் பூட்டினார்கள் என்று பேசியவர்கள் வீட்டிலும் இரண்டு ஈடு வெந்தது.

அடுத்து கார்த்திகை வந்தது. தீபத்தன்று மறுபடி கொஞ்சம் வெடி இருக்கும். சாயங்காலம் நாலு மணிக்கே கேட்டைச் சாத்திவிட்டு, மேஜருக்கு மாத்திரையைப் பால்கோவாவில் ஒரு நகக்கண் அளவு எடுத்து உருட்டிக்கொண்டிருந்தேன். சர்க்கரை கூடாதுதான், ஆனால் எங்கள் ஊர் நாய் வேறு எதில் வைத்துக் கொடுத்தாலும் மாத்திரையை மட்டும் துப்பிவிடுகிறது. கேட்டில் தொங்கும் அட்டையை மதித்து யாரோ போன் செய்தார்கள். எதிர் வீட்டு அண்ணாச்சியின் சம்சாரம். எட்டிப் பார்த்தால் இடுப்பில் ஒரு வாளி, கையில் ஒரு தூக்கு.

"அரிசி தனியா, உளுந்து தனியா காலையிலேயே ஊறப்போட்டுட்டேன் மதினி," என்று என் மனைவியிடம் நீட்டினாள். "மேஜருக்காக நீங்க எப்படியும் கிரைண்டரைப் போடத்தானே போறீங்க? அப்படியே நம்மளதையும் போட்டுருங்க. உளுந்து கொஞ்சம் பொங்கப் பொங்க வரட்டும்."